பாதிக் கூடு

எச்சரிக்கை: குருவிப் பதிவு. மொக்கைன்னு நினைக்கறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

எங்க தோட்டத்துக் கெணத்து மேல சாய்ஞ்சாப்ல ஒரு வேலாமரம். வருஷா வருஷம் தூக்கணாங்குருவி அதுலதான் கூடு கட்டும். 2018 ஆவணியில ஊருக்குப் போனப்ப சித்தப்பா அருவாளோட நிக்கறார். கிளையெல்லாம் உதிர்ந்து கெணத்துல விழுந்து புட்வால்வுல குப்பை அடைக்குதாம்.

"சித்தப்பா, கூடு இருக்குதுங்களே, குஞ்சு இருக்கும்"னு தடுத்தேன்.

"குருவியப் பாத்துட்டே இருந்தா மோட்டார யாரு சாமி பாக்கறது?"

ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நடந்து ஒரு முடிவுக்கு வந்தோம். நீளமா குழாய் தொங்கற முழுக்கூடு மூணு இருந்த கிளைய விட்டுடறது. இன்னொரு கிளையில அஞ்சு கூடு, எல்லாமே பாதியில நிக்குது. ஹெல்மெட்டைக் கவுத்து வெச்ச மாதிரி, அடியில குறுக்கால ஒரு பட்டை மட்டும். "அது கட்டத் தெரியாம விட்டுட்டுப் போனதுங்க, வெட்டிக்கலாம்"னு தீர்ப்பு சொன்னது சாட்சாத் நான்தான். புத்தகம் படிச்ச பையன் சொல்றான்னு அவரும் வெட்டிட்டார்.

அடுத்த நாள் காலையில பல் விளக்கிட்டே கெணத்து மேட்டுக்குப் போனா, மஞ்சத் தலையோட ஆண் குருவி ஒண்ணு, அலகுல ஒரு நீளப் புல்லு, கிளை இருந்த இடத்துல வெறும் காத்துல இறக்கைய அடிச்சுட்டு நிக்குது. போகுது, திரும்ப வருது. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. வாயில பேஸ்ட் நுரையோட எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியலை.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். (இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம், ஹூம்.)

சாலிம் அலியோட கதை பாதி பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பம்பாய் மியூசியத்துல இருந்த வேலைல லீவு போட்டுட்டு ஜெர்மனி போய்ப் பறவையியல் படிச்சுட்டு 1930-ல திரும்பி வந்தா, பணமில்லைன்னு அந்த வேலையையே எடுத்துட்டாங்க. மனைவி தெஹ்மினாவோட, பம்பாய்க்கு எதிர்க்கரையில இருக்கற கிஹிம்ங்கற ஊருக்குக் குடிபோறார். வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு தூக்கணாங்குருவிக் காலனி. அந்த மழைக்காலம் பூரா அதையே உக்காந்து பாத்திருக்கார். வேலை இல்லாத மனுஷன் வேற என்ன பண்ணுவார்னு கேக்கலாம். ஆனா அதுவரைக்கும் யாரும் சரியாப் புரிஞ்சுக்காத விஷயம் அதுலதான் வெளிய வந்துச்சு.

ஆண் குருவி கூட்டை முழுசாக் கட்டிட்டுப் பொண்ணு தேடறதில்லை. பாதி கட்டி நிறுத்திடும். புல்லோட ஓரத்துல ஒரு கடி கடிச்சு, அப்படியே பறந்து நாராக் கிழிச்சு எடுத்துட்டு வந்து முடையும். ஹெல்மெட் அளவு வந்ததும் பொண்ணுங்க கூட்டமா வந்து உள்ள பூந்து பாக்கும், இழுத்துப் பாக்கும். நம்மூர்ல வீடு பாக்கற மாதிரியேதான். ஒருத்திக்குப் பிடிச்சாத்தான் மிச்சத்தைக் கட்டி முட்டை அறை, குழாய் எல்லாம் போடும். அவ முட்டையிட்டு உக்காந்ததும் இந்தாள் பக்கத்துலயே அடுத்த ஹெல்மெட்டை ஆரம்பிச்சுடுவார், அடுத்த பொண்ணுக்காக! அடைகாக்கறது அவ மட்டும்தான், ரெண்டு வாரத்துக்கு மேல. யாருக்கும் பிடிக்காத கூடு மட்டும்தான் கைவிடப்படுது.

ஆக, நான் வெட்டச் சொன்னது கட்டத் தெரியாததுங்களோட கூடு இல்லை. பதிலுக்காகக் காத்துட்டு இருந்த வீடுங்க. அஞ்சுல எத்தனை தேறியிருக்குமோ.

இன்னொரு விஷயமும் உறுத்துச்சு. சுஹேல் காதர்ங்கற ஆய்வாளர் 2006-ல வெளியிட்ட கட்டுரையில, பொண்ணு குருவி பாக்கறது முடைஞ்ச அழகை விட கூடு எங்க தொங்குதுங்கறதைத்தான்னு காட்டியிருக்கார். உயரமான இடம், மெல்லிசான கிளை. வீடு எப்படி இருந்தாலும் ஏரியா நல்லாருக்கணும்னு எங்க வீட்டம்மா சொல்றதேதான். அப்ப நான் அழிச்சது கூட்டை மட்டுமில்லை, ஏரியாவையே. புல்லு எங்க வேணா கிடைக்கும், அந்தக் கிளை கிடைக்காதே.

சித்தப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசலை. 2019 ஆடியில போனப்ப புட்வால்வைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் கூடையக் கவுத்து, கொசுவலையச் சுத்திக் கட்டியிருந்தார். மரத்துப் பக்கம் அருவாள் போகலை. அந்த வருஷம் மீதிக் கிளையில மூணே மூணு கூடு. வெட்டின பக்கம் மொட்டையாவே இருந்துச்சு.

அதுலருந்து ஒரு குயர் நோட்டுல எழுதிட்டு வர்றேன், தேதி, முழுக்கூடு எத்தனை, பாதி எத்தனைன்னு. லீவு கிடைக்கறப்ப மட்டும்தான் போக முடியுது, அதனால ஓட்டை ஓட்டையான கணக்கு. ஆராய்ச்சின்னு சொல்லிக்கற அளவுக்கெல்லாம் இல்லை.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். மஞ்சள் விலை, பெரியம்மா முட்டிவலி எல்லாம் பேசி முடிச்சுட்டு, வைக்கப்போறப்ப சொன்னார்:

"ஏஞ்சாமி, வெட்டின பக்கம் துளுத்து வந்த கொம்புல ரெண்டு தொப்பி தொங்குதுடா. பொட்டைக ஒண்ணும் இன்னும் வரல. நோட்டுல எழுதிக்க."

டிஸ்கி: ரோட்டோரக் கடையில "பழைய கூடுதாங்க"ன்னு தூக்கணாங்கூடு விக்கறாங்க. பழைய கூட்டுலயும் தினைக்குருவி குடியேறும் மக்கா.