உறுமும் பாட்டு

என் மூத்த மகனுக்குச் சுவீடன் நாட்டு 'ஒப்பெத்' குழுவின் மேல் பைத்தியம். பாடகர் மிக்கேல் ஓக்கர்பெல்ட் அடித்தொண்டையில் உறுமுவார். மறுகணமே தாலாட்டுப் போல இழைவார். "பேய்ப் பாட்டு!" என்பாள் என் மனைவி. திருவிழாவில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவளுக்கு இதில் என்ன பயமோ!

எது சிறந்த பாட்டு என்று ரசிகர்களைக் கேட்டால் சண்டைதான். 2001-இல் வந்த 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' என்பார் ஒருவர். 2005-இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' என்பார் மற்றவர். இரண்டும் பத்து நிமிடத்தைத் தாண்டும். 1996-இல் வந்த 'பிளாக் ரோஸ் இம்மோர்ட்டல்' 20 நிமிடம்! அதற்குள் நம் சினிமாப் பாட்டு நாலு முடிந்துவிடும்.

வளர்ந்த பிறகு என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பையன், "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு அப்பா?" என்று ஒருநாள் கேட்டான். 'விண்டோபேன்' என்றேன். 2003-இல் வந்த 'டாம்னேஷன்' இசைத்தட்டில் உள்ளது. அந்தத் தட்டில் உறுமலே கிடையாது.

"விருந்துக்கு வந்து ரசம் மட்டும் கேக்கிறீங்களே!" என்று சிரித்தான். அன்று இரவு பதினொரு மணி வரை பேசினோம்.

அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். பாட்டுகளை என் கைப்பேசியில் ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறேன், உறுமல் உள்ளவற்றையும் சேர்த்து.