ஏழு கிலோ

வாப்பா கடையிலிருந்து கொண்டுவந்த கொக்கித் தராசில் என் பையை மாட்டித் தூக்கிப் பிடித்தார். முள் ஒன்பதரையில் போய் நின்றது. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக அனுமதி 7 கிலோ.

"இன்னும் ரெண்டரைக் கிலோ இறக்கணும் மகள்."

அந்த இரண்டரைக் கிலோ எதுவென்று எனக்குத் தெரியும். சாச்சி இரவலாகத் தந்த தடித்த கோட்டு!

ஏப்ரல் விடுமுறையில் நானும் வாப்பாவும் ஒஸ்திரியாவில் இன்ஸ்புறுக் நகரிலிருக்கும் ராத்தாவிடம் போனோம். ராத்தாவுக்கு முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம். உண்மையில் போகவேண்டியவர் உம்மாதான். உம்மும்மா படுக்கையில் கிடந்ததால் உம்மாவால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய சாமான்கள் வந்தன. சரக்குத்தூள், மாசிச் சம்பல், அரிசிமா, பிள்ளையைச் சுற்றிக் கிடத்த உம்மா உடுத்து உடுத்து மெதுமெதுப்பாகிப்போன பழைய நூல்சேலை என்று பெரிய பெட்டிகள் இரண்டும் நிறைந்துவிட்டன. எனக்கு மிஞ்சியது இந்த 7 கிலோதான்.

ராத்தா குரல்பதிவு அனுப்பியிருந்தார். "கோட்டு வேணாம் புள்ள. தடிச்ச உடுப்பு ஒண்டு ஒரு குளிருக்குத்தான் சரி. மெல்லிசா மூணு கொண்டு வா. இங்க ஒரு நாளைக்குள்ள மூணு காலம் வரும்." உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜெக்கட். சூடென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், குளிரென்றால் ஒவ்வொன்றாகப் போடலாம். உடுப்புகளுக்கு இடையில் அடைபடும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறதாம். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் என்றார். (உம்மாவின் நூல்சேலையைக் கேட்டு வாங்கியவரும் இதே ராத்தாதான்!)

நுவரெலியாவில் வாங்கிய ஃபிளீஸ் ஒன்று மாமி வீட்டில் கிடைத்தது. அபாயாவுக்குள் எத்தனை உடுப்புப் போட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது? கோட்டை எடுத்ததும் முள் ஏழுக்கு வந்தது. ஆனால் அன்றிரவு, ஒரு சோடிக் கம்பளிக் காலுறையை எடுத்துவிட்டு, படம் பிடிக்க அழகாக இருக்குமென்று இரண்டு பருத்தி ரீசேர்ட்டுகளைச் சுருட்டி வைத்தேன்.

மியூனிக்கில் இறங்கி ரயிலில் இன்ஸ்புறுக் போய்ச் சேர்ந்தால், அங்கே வெயில்! தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். "எங்க ராத்தா உங்கட குளிர்?" என்று கேட்டேன். "இது ஃபோன்" என்றார் ராத்தா. நான் கைத்தொலைபேசியைத் தேடினேன். அது காற்றின் பெயராம். முடி உலர்த்தும் கருவிக்கும் ஜேர்மன் மொழியில் அதே பெயர்தான். தெற்கே இத்தாலிப் பக்கத்திலிருந்து வரும் காற்று, அல்ப்ஸில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வரண்டு சூடாகிறது.

கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, "அட, இது நம்மட கச்சான்தானே!" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஜூன், ஜூலையில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் வரும்போது வரண்டு கொதிக்கிறதே, அதே கதை. புவியியல் பாடத்தில் இரண்டையும் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை வாப்பா முகத்தில் பட்ட காற்றை வைத்தே சொல்லிவிட்டார்.

மறுநாள் காற்று விழுந்து, காலையில் மழை, பின்னேரம் பனி. மூன்றாம் நாள் மீண்டும் வெயில். நானும் வாப்பாவும் நோர்ட்கெட்டே மலைக்குப் புறப்பட்டோம். வாப்பாவின் முதுகுப்பையை நான்தான் அடுக்கினேன். பாரம் குறைப்பதில் இப்போது நான் கெட்டிக்காரியல்லவா! குடை, துவாய், வாப்பாவின் மருந்துப் பை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். என் கம்பளிச் சட்டையையும் ஃபிளீஸையும் கட்டிலில் விட்டுவிட்டு, அபாயாவுக்குள் பருத்தி ரீசேர்ட்டும் மேலே ஜெக்கட்டுமாகக் கிளம்பினேன்.

நகரின் நடுவிலிருந்தே மலைக்கு ரயில் இருக்கிறது. உருகும் பனிக்கட்டி போல வளைந்த அதன் நிலையங்களை வடிவமைத்தவர் பக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத். அதை விட்டு வர எனக்கு மனமில்லை. ரயிலுக்குப் பிறகு இரண்டு கேபிள் கார்கள். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 570 மீற்றர், ஹாஃபெலேகார் நிலையம் 2,250 மீற்றருக்கும் மேல். 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று பரீட்சையில் எழுதியவள் நான். கணக்குப் போட்டிருந்தால் பதினொரு பாகை வித்தியாசம் வரும். போடவில்லை.

நிலையத்திலிருந்து உச்சிக்குப் பனியில் கொஞ்சத் தூரம் ஏறினோம். எனக்கு வியர்த்தது. திடீரென்று முகில் வந்து எல்லாவற்றையும் மூடியது. காற்று அடித்தது. நனைந்த ரீசேர்ட் முதுகில் ஈரச்சாக்குப் போல ஒட்டியது, அபாயாவின் விளிம்பு பனியில் ஊறிக் கனத்தது. என் பற்கள் அடித்துக்கொண்டன. வாப்பா தன் ஃபிளீஸைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

இறங்கும் கேபிள் காரில் வாப்பாவுக்கு முட்டுத் தொடங்கியது. குளிர் காற்று அவருக்கு எப்போதும் ஆகாது. "மகள், அந்த மருந்துப் பை..." என்று முதுகுப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்ஹேலர் நூறு கிராம்கூட வராது.

ராத்தாவுக்கு அழைத்தேன். இடைநிலையத்தின் உணவகத்தில் சூடாக ஓரிடத்தில் வாப்பாவை உட்கார வைத்தேன். அவர் மூச்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்டபடி எனக்குத் தெரிந்த எல்லா துஆவையும் ஓதினேன். கொஞ்சம் அடங்கியதும் கீழே இறங்கினோம். நிலைய வாசலில் மச்சான் மருந்துப் பையோடு நின்றார். இரண்டு முறை இழுத்தபின் வாப்பாவின் முகத்தில் நிறம் வந்தது.

"உம்மாட்ட சொல்லாத" என்றார்.

ஊர் திரும்பிய அன்று உம்மா கேட்ட முதல் கேள்வி, "குளிர் எப்படி?" என்பதுதான். வாப்பா என் பக்கம் திரும்பாமலே, "நம்மட கச்சான் மாதிரித்தான்" என்றார். முதல் நாளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

மீதியை உம்மா இந்த மலரில்தான் வாசிப்பார்.