கேளா ஒலி

என் தந்தையார் பொன்மலை இரயில்வே தொழிற்சாலையில் பணியாற்றியவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்கு வந்த அத்தொழிற்சாலையின் சங்கொலியே எங்கள் தெருவுக்குக் கடிகாரம். சம்மட்டி இரும்பில் விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் யான். ஆகவே, வலிய வேலைக்குப் பேரோசை வேண்டும் என்றே நம்பியிருந்தேன்.

தமிழாசிரியனாய் இருந்த நாளில், ஒருமுறை எழுத்துகளின் பிறப்பைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காதுக்குக் கேளாத ஒலியும் உண்டா? அதனால் வேலை செய்ய இயலுமா?" என்று வினவினான்.

"கேளாதது எங்ஙனம் ஒலியாகும்? உட்கார்" என்றேன். வகுப்பு நகைத்தது, அவன் முகம் வாடியது. அதன்பின் அவன் என்னிடம் வினா எதுவும் கேட்டிலன்.

ஓய்வு பெற்ற பின்னர்க் காரைக்குடிக்கு ஒரு திருமணத்திற்குச் சென்றேன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் அது. மணப்பந்தலில் அம்மாணவனைக் கண்டேன். அவன் மின்வேதியியல் ஆய்வாளனாய் உயர்ந்திருந்தான். அவன் எனக்குப் பிளாட்டினத்தின் கதையைக் கூறினான்.

பிளாட்டினம் தான் குறையாமல் பிற பொருள்களின் வேதிவினையை விரைவுபடுத்தும். இத்தகைய பொருளை வினையூக்கி என்பர். பஞ்சு போன்ற பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜனைச் செலுத்தியபோது, அது காற்றில் தானே தீப்பற்றியதை 1823-இல் ஜெர்மானிய அறிஞர் டோபரைனர் கண்டார். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் கலங்களிலும் இன்று பிளாட்டினம் பயன்படுகிறது. ஆயினும், உலோகத்தின் மேற்பரப்பே வினை புரியும், உள்ளிருப்பது வாளாவிருக்கும். விலைமிக்க பொருளை அங்ஙனம் வீணாக்கலாமா? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள பிளாட்டினக் கனசதுரத்தின் எடை ஏறத்தாழ 21 கிராம். அதன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரே. அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துகள்களாக்கினால், பரப்பு 600 சதுர மீட்டராகும். அஃதாவது, ஏறக்குறைய 15 சென்ட் நிலம்!

இவ்வளவு நுண்ணிய துகள்களைச் சம்மட்டியால் ஆக்க இயலாது. பிளாட்டின உப்பின் கரைசலில் ஓர் உலோகக் கோலை அமிழ்த்தி, நொடிக்கும் குறைந்த நேரம் மின்னோட்டம் செலுத்துவர். கோலின் முனையில் நுண்மணிகள் படியும். அவை பருக்குமுன் மின்னோட்டத்தை நிறுத்தி, கோலை நொடிக்கு 20,000 முறை அதிரச் செய்வர். அப்போது நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடையும். அவ்விசையால் மணிகள் கரைசலில் உதிரும். பின்னர் மீண்டும் மின்னோட்டம், மீண்டும் அதிர்வு. இவ்வாறே இரண்டும் மாறி மாறி நிகழும்.

"அவ்வதிர்வுதான், ஐயா, நம் செவிக்கு எட்டாத மீயொலி" என்றான் அவன். எனக்குப் பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது. "தம்பி, அன்று உன்னை உட்கார வைத்தது என் பிழை" என்றேன்.

"தாங்கள் விடை கூறியிருந்தால், யான் தேடியிருக்க மாட்டேன்" என்று அவன் முறுவலித்தான்.

அஃது அவனது பெருந்தன்மை. என் பிழை அதனால் பிழையாகாமற் போய்விடாது. இவன் தேடினான், யான் உட்கார வைத்த ஏனையோர் தேடினரோ, வினவுவதையே விட்டனரோ? மாணவர்களே, ஆசிரியர் அறியாத வினாவும் நல்வினாவாகலாம். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வினாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.