குடிலில் பீடி இலை

1223-ல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரெச்சோவில் வைத்த குடிலில் நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை! என்னிடம் இருந்தது ஒரு தெர்மாகோல் அட்டைதான்.

டீச்சக்கையை நன்றாக வெயிலில் காயவைத்து (ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்), பசை தடவித் தூவினேன், மண் ரெடி. கேழ்வரகு முளைத்து ஒரு வாரத்தில் புல்வெளி. சருகுக்கு? அம்மாவின் பீடி முறத்தில், தகடு வைத்து வெட்டியது போக மிஞ்சிய இலைத்துண்டுகள். பி.காம் பாஷையில் 'ஸ்கிராப்'.

குடிலைப் பார்த்த அம்மா முதலில் கேட்டது: "ஏல, நல்ல இலையத் தொடலியே? குறைஞ்சா கூலியிலல்லா பிடிப்பாவ!"

தொடவில்லை நண்பர்களே. என் காலேஜ் ஃபீஸும் அந்தக் கூலியில்தானே வருகிறது. இப்போதெல்லாம் அந்தத் துண்டுகளைக் கூட்டித் தள்ள மனசு வருவதில்லை.