தேய்மானம் படிக்கிறவர்கள்

ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் லாரியின் பின்னால் ஒரு தடவையாவது போனவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். டயர் கருகல் அல்ல, டீசல் புகையும் அல்ல. மூக்கின் உச்சியில் ஏறி நிற்கும் கசந்த நெடி. பிரேக் லைனர் காய்கிறது என்பார்கள். கொல்லத்தையும் மதுரையை அடுத்த திருமங்கலத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையை விட்டு இறங்கி, தென்காசி தாண்டி, ராஜபாளையத்துக்குள்ளும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ளும் புகுந்துதான் போகிறது. மலையில் காய்ந்த லைனர்களில் சில ராஜபாளையத்தில் கழற்றப்படுகின்றன.

ஊர் எல்லையில் உள்ள ஒரு தகரக் கொட்டகையில் லைனர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறை வடிவ இரும்பு ஷூவைக் குறட்டில் கவ்வ வைத்து, பழைய ரிவெட்டுகளைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுக்கிறார்கள். துருவை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துப் போக்கிய பிறகு புது லைனரை மேலே பொருத்துகிறார்கள். ரிவெட் அடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. நடுவில் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் சூடு தேங்கி லைனர் வெடிக்கும். அடித்து முடித்ததும் அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒரு சின்னச் சுத்தியால் லைனரைத் தட்டிக் காதைக் கொடுத்தார். ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒரு சத்தம், தூக்கியிருந்தால் வேறு சத்தம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

அவரிடம் நான் கவனித்தது வேறொன்று. புது லைனர் மேல் அவருக்கு ஆர்வமே இல்லை. கழற்றிப் போட்ட பழையதைத்தான் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால், இறக்கத்தில் கியரை நம்பாமல் காலை பிரேக்கிலேயே வைத்து ஓட்டிய டிரைவர். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால், ஹப்பில் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் லைனர் அடித்தால் அடுத்த மாதம் திரும்ப வருவான். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டிரம்மைப் பார்க்க வேண்டும். “லைனரு பொய் சொல்லாதுங்க, டிரைவருதான் சொல்லுவான்” என்றார். பக்கத்தில் நின்ற டிரைவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போய்விட்டார்.

இந்தத் தேய்பொருளுக்கு ஒரு செருப்புத் தொடர்பு உண்டு. 1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த மோட்டார் வண்டியை மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப் போனபோது, வழியில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டுக் கட்டையில் தோல் அடிக்கச் சொன்னார். 1897-இல் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட், மலைப்பாதையில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய செருப்பை மாட்டியதைப் பார்த்துவிட்டு, தேய்பொருள் தயாரிப்பதையே தொழிலாக்கினார். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூட்டைத் தாங்கியது, விலையும் மலிவு. அதன் தூசி நுரையீரலில் தங்கி உயிரை வாங்கும் என்பது உலகம் ஏற்றுக்கொள்வதற்குள் பல பத்தாண்டுகள் போயின. பெரியவரும் அந்தக் காலத்தில் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதியவர்தான். இப்போது பையன்களை ஊத விடுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறார். அந்த ஒரு மாற்றத்துக்காகவே அவரைப் பாராட்டலாம்.

இன்றைய டிரம் பிரேக் லைனரிலும் டிஸ்க் பிரேக் பேடிலும் பிசின், நார், கிராஃபைட், உலோகத் தூள் எனப் பலதும் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டியாக்கி அரைத்த தூள். உராய்வு சீராக இருக்கவும் சத்தம் குறையவும் அது உதவுகிறது. கொல்லம் முந்திரிக்குப் பேர்போன ஊர் என்பதை நினைத்துக்கொண்டால், மலை இறங்கும் லாரியின் நெடியில் அந்தப் பக்கத்துத் தோப்பும் கொஞ்சம் எரிகிறதோ என்று தோன்றும்.

காருக்கு வருவோம். ராஜபாளையம் முடங்கியாறு ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு வாசலில், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் காரின் முன்சக்கர பிரேக் பேடைத் தானே மாற்றுவதென்று உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எக்ஸ்எல் மொபெட்டில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். தொடமாட்டேன், சொல்ல மட்டும் செய்வேன் என்று ஒப்பந்தம்.

“நட்டை இப்பவே லூஸ் பண்ணிருங்க அண்ணாச்சி. தூக்குன பெறகு திருகுனா வண்டி ஜாக்குல ஆடும்.”

“பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சாச்சு தம்பி.”

“ரெண்டு பக்கமும் வைங்க. கழட்டுன வீலை வண்டிக்கு அடியில தள்ளிருங்க. ஜாக்கு வழுக்குனாலும் அதுமேல உக்காரும்.”

ஸ்டாண்டு இருந்தால் இன்னும் நல்லது. அந்த வீட்டில் இருந்தது. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கியதும் பேடுகள் கையோடு வந்தன. வெளிப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உள் பேடோ இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கிறீச்சென்று கத்தி எச்சரிப்பதற்கென்றே பேடில் ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அது உள் பேடில் இருந்தது, கத்தியும் இருக்கிறது. ஏசி சத்தம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம்.

அண்ணாச்சி புதுப் பேட் பெட்டியைப் பிரிக்கப் போனார். மெக்கானிக் தடுத்தார். “ஒரு பக்கம் மட்டும் ஏன் தேஞ்சுதுன்னு பாக்காம புதுசை மாட்டுனா இதுவும் அப்படித்தான் தேயும்.” காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாகப் பிடிக்கும். கீழ்ப் பின் துருவேறி இறுகியிருந்தது. எமரி தாளில் தேய்த்து, பிரேக்குக்கென்று உள்ள கிரீஸைத் தடவினார்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப் பெருத்துவிடும். வேலையில் பாதி நேரம் இந்தப் பின்னுக்கே போனது. வீட்டில் பேட் மாற்றுகிற பலர் விட்டுவிடுவது இதைத்தான். பேடைக் கழற்றி மாட்டுவது ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் வரும். ஒருமுறையாவது அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாமல், தனியாக இதில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் மற்றவை. கழற்றிய காலிப்பரை ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார்கள். டிஸ்க்கின் தடிமன் அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவில்லை என்று பார்த்தார்கள். பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று ஒருவர் கவனித்தார். அந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். காற்றிலிருந்து ஈரத்தையும் குடிக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியதும் 140 டிகிரிக்கே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் மிதி திடீரென்று பஞ்சாகிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது தேரைப் பார்க்க. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறிவரும் அந்தத் தேருக்கும் பிரேக் வேண்டுமே. இரும்புச் சக்கரம் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஓய்வில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அங்கேயும் புளியமரக் கட்டைகளை நூற்றுக்கணக்கில் செய்து வைத்துக்கொண்டுதான் வடம் பிடிக்கிறார்கள். காரணம் எளிது. பிரேக் தேரை நிறுத்தும், திருப்பாது. சக்கரத்தின் எந்த ஓரத்தில், எவ்வளவு சாய்த்துக் கட்டையைக் கொடுப்பது என்பதில்தான் ரத வீதியின் திருப்பமே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் இழுக்கும் வேகத்தில், உருளும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பின்வாக்கில் நடந்தபடியே அதைச் செய்ய வேண்டும். பிரேக் வேலைகளில் இதைவிட ஆபத்தானதை நான் பார்த்ததில்லை.

கட்டை போட்டுப் பழகிய ஒருவரிடம், நசுங்கிய கட்டைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நசுங்குற கட்டைதான் நல்ல கட்டை. வைரம் பாஞ்சு ரொம்ப இறுகிக் கெடந்தா சக்கரம் அதை எத்தி விட்டுரும், ஆளு மேல வந்து விழும்” என்றார். பேட் பற்றி மெக்கானிக்கும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார்: கடினமான பேட் நாள்பட உழைக்கும், ஆனால் டிஸ்க்கைத் தின்றுவிடும்.

அன்று பேட் மாற்றி முடித்ததும், அண்ணாச்சி வண்டியை எடுப்பதற்கு முன் மிதியைப் பலமுறை அழுத்தினார். முதல் மிதி தரைவரை போனது, அப்புறம் இறுகியது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் போடாமல் ஓட்டச் சொல்லிவிட்டு மெக்கானிக் எக்ஸ்எல்லை உதைத்தார். “அப்ப பின்னாடி டிரம்மு?” என்று அண்ணாச்சி ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்டார். “அதுக்கு ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டணும் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை வாரேன், பேரனையும் கூட வச்சுக்கிடுங்க.”