திருத்தத்திற்கும் ஒரு தவணை

சென்ற ஆண்டுத் தவணைப் பரீட்சையில் நாம் ஒரு பிழை செய்தோம். மாணவன் ஒருவனின் விடைத்தாளில் புள்ளிகளைக் கூட்டுகையில் பத்துப் புள்ளி மிகையாயிற்று. அவன் முதலிடமும் பரிசும் பெற்றான். அடுத்த தவணை தொடங்கிய பின்னரே பிழை நம் கண்ணிற் பட்டது. பரிசைத் திருப்பிக் கேட்பதா, விடுவதா? இரண்டு இரவுகள் உறக்கம் வரவில்லை.

வத்தேகமக் கடைவீதியில் நமக்குப் பழக்கமான பலசரக்குக் கடை முதலாளியிடம் இதனைச் சொன்னோம். "சாமான வித்து முடிஞ்ச பிறகு வெலையக் கூட்டினா, நாங்க யார்கிட்டப் போயிக் கேக்கிறது, மாஸ்டர்?" என்றார் அவர்.

வணிகர் மொழிதான், ஆயினும் அதில் நீதி இருக்கின்றது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு மலையேறி வரும்போது, சுங்கத் தீர்வையும் விலையோடு ஏறி வருகின்றது. விற்றபின் தீர்வை கூடினால், வாங்கியவரைத் தேடிப் பிடிக்க இயலுமா? அவர் கேள்வி நமக்கு ஓர் இந்திய வழக்கை நினைவூட்டியது.

கனன் இந்தியா நிறுவனம் 2012 மார்ச்சில் சில கமெராக்களை இறக்குமதி செய்தது. சுங்க அதிகாரி தீர்வை விலக்கு அளித்துச் சரக்கை விடுவித்தார். 2014 செப்டெம்பரில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் என்னும் வேறொரு கிளை, அவ்விலக்குப் பொருந்தாதென்று அறிவித்தல் அனுப்பியது. 1962ஆம் ஆண்டின் இந்தியச் சுங்கச் சட்டப்படி, விடுபட்ட தீர்வையைக் கேட்க அக்காலத்தில் ஓராண்டே தவணை. உண்மையை வேண்டுமென்றே மறைத்திருந்தால் மட்டும் ஐந்தாண்டு.

2021 மார்ச் 9ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. முதலில் மதிப்பிட்டவர் ஒருவராயிருக்க, மறுமதிப்பீட்டை வேறு கிளையினர் செய்தல் ஆகாது என்றது. நிறுவனம் எதனையும் மறைக்கவில்லை என்றும் கண்டது. ஆனால் 2024 நவம்பர் 7ஆம் திகதி, அதே நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் அதனை மறுஆய்வு செய்து, அக்கிளையினருக்கும் அதிகாரம் உண்டென்றனர். 2012இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, 2024இல் பதின்மூன்றாம் வகுப்பை எட்டியிருக்கும்!

அரசு தனக்குரிய தீர்வையை விட்டுவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. பள்ளியும் வைத்தியசாலையும் அதனாலன்றோ நடக்கின்றன? ஆயினும் அச்சட்டம் வகுத்த வேறுபாடு நம் மனத்தைத் தொட்டது. மறைத்தவனை நெடுங்காலம் தேடலாம். மறைக்காதவனை விரைவில் நிம்மதியாக வாழ விடவேண்டும். திருத்தும் உரிமைக்கும் ஓர் எல்லை வேண்டும்.

நம் மாணவன் எதனையும் மறைக்கவில்லை. பிழை நம்முடையது, ஆதலின் இழப்பும் நம்முடையதே. வகுப்பின் முன் பிழையை ஒப்புக்கொண்டோம். முதல் மாணவனின் பரிசு அவனிடமே இருந்தது. உண்மையில் முதலிடத்திற்கு உரியவனாகிய மற்றவனுக்கு, நம் கைப்பணத்தில் அதே நூலை வாங்கி அளித்தோம். கணக்குத் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம்.

தோட்டத்துப் பிள்ளை அவன். நூலை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, மெல்லச் சொன்னான்: "பரிசளிப்பு விழா அன்னைக்கு எங்க அம்மா கொழுந்து எடுக்கப் போகாம வந்திருந்தாங்க, சேர்."

அந்த ஒரு நாளை மட்டும் நம்மால் மறுமதிப்பீடு செய்ய இயலவில்லை.