பந்து கேட்காத கேள்வி

நீ எக்குலத்தில் பிறந்தாய் என்று பந்து கேட்பதில்லை. மட்டை பிடித்த கை வல்லதா என்பதே அதற்குக் கணக்கு. சீன டென்னிஸ் வீரர் கோ சின் கீயின் வாழ்வை எண்ணுந்தோறும் நம் நெஞ்சில் எழும் எண்ணம் இது.

1912-இல் சாவகத் தீவில் பிறந்தவர் அவர். அன்று டச்சுக்காரர் ஆண்ட அத்தீவுகளில் சட்டமே மக்களை மூன்று படிகளில் நிறுத்தியிருந்தது: மேலே ஐரோப்பியர், நடுவே 'அயல் கீழ்த்திசையார்', அடியிலே மண்ணின் மைந்தர்! அம்மண்ணிலேயே பிறந்த சீனரும் சட்டத்தின் கண்ணுக்கு அயலாரே.

அவர் சீனத்தின் சார்பில் டேவிஸ் கோப்பைக்கு ஆடினார், விம்பிள்டனிலும் ஆடினார். 1937-இல் சப்பானியப் படை சீனத்தைத் தாக்கிற்று; டிசம்பரில் நான்கிங் வீழ்ந்தது. மறு ஆண்டே, இங்கிலாந்தின் போர்ன்மவுத் நகரில், பிரிட்டிஷ் கடினத்தரைப் போட்டியின் ஆடவர் பட்டத்தை அவர் வென்றார். 1939-இலும் வென்றார். ஆசியரை அடக்கியாண்ட பேரரசின் சொந்த முற்றத்தில் இருமுறை வாகை!

கோப்பை குண்டுகளைத் தடுக்கும் என்று நாம் மயங்கவில்லை. அதே ஆண்டு ஐரோப்பாவிலும் போர் மூண்டது. அவருடைய நல்ல ஆண்டுகளை விழுங்கிற்று. 1947-இல், முதுமை காணாமலே லண்டனில் மறைந்தார்.

பந்து குலம் கேட்பதில்லை, உண்மை. ஆனால் திடலின் வாயில் கேட்கிறதே! மட்டையும் திடலும் எட்டிய ஒருவர் இத்துணை சாதித்தார் எனில், அடிப்படியில் நிறுத்தப்பட்டு, மட்டையைத் தொடாமலே மறைந்த கைகள் எத்தனை? வீரரைப் போற்றுவோம், தோழர்களே! போற்றுவதோடு நில்லாமல், பிறப்பால் அடுக்கிய படிகளைத் தகர்ப்போம்.